இறக்கையின் நுனி மெலிவது ஏன்?

வெள்ளவத்தையில் வசிக்கும் உயர்தர வகுப்பு மாணவர் ஒருவர், மாதிரி விமானங்களுக்கு ரெஜிபோம் (வெள்ளை நுரைப்பலகை) இறக்கை வெட்டுவதற்காகத் தாமே ஒரு சீ.என்.சி. சூட்டுக்கம்பி இயந்திரத்தை, அதாவது சூடான கம்பியின் இரு முனைகளையும் கணினியின் கட்டளைப்படி மோட்டார்களால் நகர்த்தி வெட்டும் இயந்திரத்தை, கட்டியிருக்கிறார். விமான உடலோடு சேரும் அடிப்பக்கத்தில் இறக்கையின் அகலம் 240 மில்லிமீற்றர், நுனிப்பக்கம் 120. அடிப்பக்கம் கணக்காக வருகிறது. நுனியோ வரைபடத்தில் உள்ளதைவிட மெலிந்தே வருகிறது. மோட்டார்களை மாற்ற வேண்டுமா என்று கேட்டிருக்கிறார். வேண்டியதில்லை.

படிப்படியாகச் சுழலும் வழக்கமான ஸ்டெப்பர் மோட்டார் 200 படிகளில் ஒரு சுற்றை முடிக்கும். எம்8 திருகுதண்டின் புரியிடை, அதாவது ஒரு சுற்றுக்கு நட்டு நகரும் தூரம், 1.25 மில்லிமீற்றர் என்பதால் ஒரு படிக்குரிய நகர்வு 0.00625 மில்லிமீற்றர் மட்டுமே. கம்பியைச் சூடாக்காமல் 100 மில்லிமீற்றர் முன்னும் பின்னும் நகர்த்தி வேணியர் இடுக்கியால் அளந்தால், நட்டுக்கும் தண்டுக்கும் இடையே தளர்வு உண்டா என்பதும் தெரிந்துவிடும். அது சரியாக இருந்தால் மோட்டாரை விட்டுவிட்டுக் கம்பியைக் கவனிக்க வேண்டும்.

ஒரு மீற்றர் நைக்குரோம் கம்பி 300 பாகை செல்சியஸ் சூடேறும்போது ஏறக்குறைய 4 மில்லிமீற்றர் நீளும். இது அற்பமாகத் தோன்றலாம். ஆனால் இரு முனைகளையும் அசையாமல் கட்டியிருந்தால், அந்த 4 மில்லிமீற்றர் நீட்சி கம்பியின் நடுவை ஏறத்தாழ 4 சென்ரிமீற்றர் தொய்ய வைத்துவிடும். ஆகவே ஒரு முனையிலாவது வில்சுருள் கட்டாயம் வேண்டும்.

நம் மாணவரின் கம்பி தொய்யவில்லை. அவருடைய சிக்கல் இதைவிடச் சுவையானது. சூட்டுக்கம்பி கத்தியைப் போல ரெஜிபோமை அழுத்தி அறுப்பதில்லை. பொலிஸ்டைரீன் 100 பாகையளவிலேயே இளகத் தொடங்குவதாலும், ரெஜிபோமின் கனவளவில் பெரும்பகுதி வெறும் காற்றே என்பதாலும், சரியான வேகத்தில் செல்லும் கம்பி அருகில் வருவதற்கு முன்னரே அதன் வெப்பம் எதிரிலுள்ள நுண்ணறைகளைச் சுருங்கச் செய்து வழிதிறந்துவிடுகிறது. எனவே வெட்டின் அகலம் கம்பியின் தடிப்பைவிட எப்போதும் கூடுதலாகவே இருக்கும். எவ்வளவு கூடுதல் என்பதைத் தீர்மானிப்பது, கம்பி ஓரிடத்தைக் கடக்க எடுத்துக்கொள்ளும் நேரம்.

இப்போது இறக்கையைப் பாருங்கள். இரு முனைகளும் ஒரே கணத்தில் புறப்பட்டு ஒரே கணத்தில் சேர வேண்டும். அடிப்பக்கம் 240 மில்லிமீற்றரைக் கடக்கும் நேரத்தில் நுனிப்பக்கம் 120ஐ மட்டுமே கடக்கிறது. ஆகவே நுனியின் வேகம் பாதி. கம்பி முழுவதிலும் ஓடுவது ஒரே மின்னோட்டம் என்பதால், ஒவ்வொரு மில்லிமீற்றர் கம்பியும் செக்கனுக்கு ஒரே அளவு வெப்பத்தையே பிறப்பிக்கிறது. நுனியை மட்டும் சற்றுக் குளிர்வாக வைத்திருக்க வழியில்லை. இதனால் நுனியிலுள்ள ரெஜிபோம் இருமடங்கு நேரம் வெப்பத்துக்கு முகங்கொடுக்கிறது, வெட்டு அங்கே அகல்கிறது, மேற்பரப்பிலும் கீழ்ப்பரப்பிலும் கூடுதலாக உருகியது போக எஞ்சுவதே அந்த மெலிந்த நுனி. இயந்திரம் தனக்கிட்ட கட்டளையை அணுவும் பிசகாமல் நிறைவேற்றியதால் விளைந்த பிழை இது என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மகிழ்ச்சியாக இருக்கிறது.

வேகத்தைக் கூட்டினால் தீருமா என்றால், அதுவும் ஓரளவுக்கே. உருகுவதை முந்திக்கொண்டு முனைகள் ஓடினால், நடுக்கம்பி ரெஜிபோமில் சிக்கிப் பின்தங்கி வில்லாக வளையும். அப்போது இறக்கையின் நடுப்பகுதி கோணலாகி, கூரிய மூலைகள் மழுங்கிவிடும்.

கொழும்பின் புழுக்கத்தில் இன்னொன்றும் நேரும். என் நண்பர் ஒருவர் வெட்டிய பரப்புகளில் சீரான இடைவெளியில் அலைபோன்ற வரிகள் விழுந்தன. நாவூறு என்று முடிவுகட்டி இயந்திரத்தில் எலுமிச்சம்பழமும் மிளகாயும் தொங்கவிட்டார். வரிகளுக்குக் காரணம், பக்கத்தில் இடமும் வலமும் திரும்பிக்கொண்டிருந்த மேசை மின்விசிறி. மெல்லிய சூட்டுக்கம்பியின் மீது காற்றுப் பட்டால் அது உடனே குளிரும். காற்றின் வேகத்தை அளக்கும் சூட்டுக்கம்பிக் காற்றுமானி இயங்குவதே இந்த உண்மையைக் கொண்டுதான். விசிறியை நிறுத்தியதும் வரிகள் மறைந்தன. எலுமிச்சம்பழம் இன்னும் தொங்குகிறது.

மாணவர் செய்ய வேண்டியது இதுதான். 50 மில்லிமீற்றர் சதுரம் ஒன்றை இறக்கையின் அடிப்பக்க வேகத்திலும், மற்றொன்றை அதன் பாதி வேகத்திலும், மின்னோட்டத்தை மாற்றாமல் வெட்டி அளக்க வேண்டும். முதலாவது 49 மில்லிமீற்றராக வந்தால் அந்த வேகத்தில் வெட்டின் அகலம் 1 மில்லிமீற்றர்; கம்பியின் பாதையை வடிவத்துக்கு வெளியே அதில் பாதி, அதாவது 0.5 மில்லிமீற்றர் தள்ளிவைக்க வேண்டும். இரண்டாவது சதுரம் நுனிக்கான அளவைத் தரும். இரு பக்கங்களுக்கும் இப்படித் தள்ளிவைக்கும் அளவை வெவ்வேறாகக் கொடுக்க மென்பொருள் இடந்தராவிட்டால், நுனியின் வரைபடத்தையே அந்தக் கூடுதல் அளவுக்குத் தடிப்பாக வரைந்து கொடுக்கலாம். கம்பியையோ மின்னோட்டத்தையோ மாற்றினால் இரண்டு சதுரங்களையும் மீண்டும் வெட்டிப் பார்க்க வேண்டும்.