ஆயாவிடம் தொடங்கும் ஆராய்ச்சி: தென்னாப்பிரிக்கப் பள்ளிப் பிள்ளைகளுக்கு உள்ள வழிகள்

டர்பனில் நம்மவர்கள் நிறைய வாழும் சாட்ஸ்வொர்த்தில் ஒரு கோயில் வாசலில் ஒரு தாய் தன் கைபேசியை என்னிடம் நீட்டினார். அதில் வாட்ஸ்அப்பில் வந்த விளம்பரம் ஒன்று. உங்கள் பிள்ளையைப் பன்னாட்டு ஆராய்ச்சி மாநாட்டில் பேச வைக்கிறோம், கட்டுரையும் வெளியிட்டுத் தருகிறோம், கட்டணம் டாலரில் என்று போட்டிருந்தது. அவர் மகள் கிரேட் 9 படிக்கிறாள். "அக்கா, நகையை வைத்தாவது கட்டிவிடலாமா?" என்று கேட்டார். கட்ட வேண்டாம் என்று சொல்லிவிட்டு, அங்கேயே படியில் உட்கார்ந்து பேசினோம். அன்று பேசியதைத்தான் இங்கே கொஞ்சம் ஒழுங்காக எழுதுகிறேன்.

உயர்நிலைப் பள்ளிப் பிள்ளைகள் சொந்தமாக ஆராய்ச்சி செய்து, அதை நடுவர்கள் முன் வைத்துப் பேச இந்த நாட்டில் ஏற்கெனவே வழிகள் உண்டு. ஒன்றை அடிப்படைக் கல்வித் துறையே நடத்துகிறது. இன்னொன்று அரசுக்குச் சொந்தமான மின்நிறுவனமான எஸ்காமின் ஆதரவோடு நடக்கிறது. இரண்டுக்கும் பள்ளி வழியாகத்தான் போக வேண்டும். ஆசிரியர் சொல்லாவிட்டால் வீட்டுக்குச் செய்தி வருவதில்லை. அதனால்தான் நம் பிள்ளைகளில் பலர் இவற்றைக் கேள்விப்படாமலே மெட்ரிக், அதாவது கிரேட் 12, முடித்துவிடுகிறார்கள். எனக்கு இது உண்மையிலேயே வருத்தம்.

முதலில் துறையே நடத்தும் திட்டத்தைச் சொல்கிறேன். அதன் பெயர் இன்கோசி ஆல்பர்ட் லுதுலி வாய்மொழி வரலாற்றுத் திட்டம். 2005இல் தொடங்கியது. கிரேட் 8 முதல் 11 வரை உள்ள மாணவர்கள் சேரலாம், ஆசிரியர்களுக்கும் தனிப் பிரிவு உண்டு. லுதுலி, ஆப்பிரிக்கக் கண்டத்திலிருந்து அமைதிக்கான நோபல் பரிசை முதன்முதலில் பெற்றவர். 1960ஆம் ஆண்டுக்கான பரிசு அது. அவர் ஊர் குரூட்வில், ஸ்டாங்கர் பக்கம். சுற்றிலும் கரும்புக்காடு. நம்மவர்களில் எத்தனையோ குடும்பங்களுக்குப் பூட்டன், பூட்டி உழைத்த மண்ணும் அதுதான்.

பிள்ளை செய்ய வேண்டியது என்ன? தன் ஊரில், தன் தெருவில், புத்தகத்தில் பெயர் வராத ஒரு மனிதரை அல்லது ஒரு நிகழ்ச்சியைத் தேர்ந்தெடுக்க வேண்டும். அதை நேரில் கண்டவர்களிடமோ வழிவழியாகக் கேட்டவர்களிடமோ பேட்டி எடுக்க வேண்டும். கேட்டதை ஆவணங்களோடு ஒப்பிட்டு எழுதி, ஒரு தொகுப்பாகக் கட்ட வேண்டும். பிறகு நடுவர்கள் முன் வாயால் சொல்லி விளக்க வேண்டும். மாகாண அளவில் தேர்வானவர்கள் தேசிய அளவுக்குப் போவார்கள். ஒரு மாநாட்டில் ஆய்வாளர் செய்வதும் கிட்டத்தட்ட இதேதான்.

இந்தத் திட்டம் நம் வீட்டுப் பிள்ளைகளுக்காகவே செய்தது போல எனக்குத் தோன்றும். 1860 நவம்பர் 16 அன்று ட்ரூரோ கப்பல் சென்னையிலிருந்து டர்பனுக்கு வந்து சேர்ந்தது. அதிலிருந்து 1911 வரை ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்டோர் ஒப்பந்தக் கூலிகளாக வந்தார்கள். அவர்களில் பெரும்பாலோர் சென்னைத் துறைமுகத்தில் கப்பல் ஏறியவர்கள். அவர்கள் ஒவ்வொருவருக்கும் ஓர் எண் கொடுத்து, பெயர், தகப்பன் பெயர், வயது, ஊர் எல்லாம் எழுதி வைத்த கப்பல் பட்டியல்கள் இன்றும் இருக்கின்றன. ஆயா, அதாவது பாட்டி, சொல்லும் கதை ஒரு பக்கம், அந்தப் பட்டியலில் இருக்கும் ஒரே ஒரு வரி இன்னொரு பக்கம். இரண்டும் எங்கே பொருந்துகின்றன, எங்கே பொருந்தவில்லை என்று பிள்ளை தேடத் தொடங்கினால் அங்கேயே ஆராய்ச்சி தொடங்கிவிடுகிறது. குவாசுலு-நட்டால் பல்கலைக்கழகத்தின் வெஸ்ட்வில் வளாகத்தில் காந்தி-லுதுலி ஆவண மையம் இருக்கிறது. இந்தியர் வரலாறு பற்றிய பழைய ஏடுகளும் படங்களும் பேட்டிகளும் அங்கே சேர்த்து வைக்கப்பட்டுள்ளன.

தலைப்பு எடுக்கும்போது ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். தமிழ்ப் பிள்ளை என்றால் உடனே தில்லையாடி வள்ளியம்மை என்று எழுதத் தோன்றும். காந்தியின் சத்தியாகிரகத்தில் சிறை சென்று, பதினாறு வயதில், 1914 பிப்ரவரியில் உயிரை விட்ட அந்தப் பெண்ணை நாம் மறக்கவே கூடாது. ஆனால் அவரைப் பற்றி நிறைய எழுதியாகிவிட்டது, இந்தத் திட்டம் கேட்பதோ வெளியே தெரியாதவர்களை. எடுத்துக்காட்டாக 1917 அக்டோபரில் உம்கேனி ஆறு பெருகி, கரையோரம் தோட்டம் போட்டிருந்த இந்தியக் குடும்பங்களை அடித்துக்கொண்டு போனது. அப்போது மாரிமுத்து படவட்டனும் அவரோடு ஐந்து மீனவர்களும் வலைப்படகை வெள்ளத்தில் இறக்கி 176 பேரைக் கரை சேர்த்தார்கள். இவர்களையாவது டர்பனில் சிலர் அறிவார்கள். நிறவெறி ஆட்சியில் டர்பனின் கேட்டோ மேனரிலிருந்து குடும்பங்களைப் பெயர்த்துச் சாட்ஸ்வொர்த்துக்கு அனுப்பிய நாளில் பக்கத்து வீட்டுக்காரரின் சட்டி பானைகளைத் தன் வண்டியில் ஏற்றிக்கொண்டு போனவர் யார்? அவர் பெயர் எந்த ஏட்டிலும் இருக்காது. ஒரு ஆயாவின் நினைவில் மட்டும் இருக்கும். இப்படிப்பட்ட ஒருவரைத்தான் பிள்ளை தேடிப் பிடிக்க வேண்டும்.

கேள்விகளைத் தமிழிலேயே கேட்கச் சொல்லுங்கள். ஆயாவுக்கு ஆங்கிலம் வரும்தான், ஆனால் அழுகையும் சிரிப்பும் தமிழில்தான் வரும். பிள்ளைக்குத் தமிழ் தடுமாறினால் அம்மா பக்கத்தில் உட்காரட்டும். ஆயா சொன்னதைச் சொன்னபடியே எழுதி, கீழே ஆங்கிலத்தில் பொருள் தரலாம். பள்ளியில் தமிழை இரண்டாம் கூடுதல் மொழியாக எடுத்துப் படிக்கும் பிள்ளைக்கு இது நல்ல பயிற்சியும்கூட.

அடுத்து அனுமதி. இதில் எங்கள் வீடே ஒருமுறை அடிபட்டது. என் மகன் ஒரு வேலைக்காக வகுப்புத் தோழர்களின் நாடித்துடிப்பை எண்ணி மூன்று வாரம் அட்டவணை போட்டான். பெற்றோர் கையெழுத்து வாங்க வேண்டும் என்று அவன் பள்ளியில் யாரும் முன்கூட்டியே சொல்லவில்லை. எனக்கும் தெரியாது. கடைசியில் அந்த அளவீடுகள் எதையும் பயன்படுத்தக் கூடாது என்று ஒதுக்கிவிட்டார்கள். அவன் அன்று இரவு சாப்பிடவே இல்லை.

சட்டம் சொல்வது இதுதான். 2003ஆம் ஆண்டு தேசிய சுகாதாரச் சட்டத்தின் 71ஆம் பிரிவுப்படி, 18 வயது நிரம்பாதவர்மேல் எந்த ஆய்வும் செய்வதற்கு முன் பெற்றோர் அல்லது காப்பாளரின் சம்மதம் வேண்டும். விவரம் புரியும் வயதாக இருந்தால் பிள்ளையின் சம்மதமும் வேண்டும். தனிப்பட்ட தகவல்களுக்கு 2013ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று இருக்கிறது. எல்லோரும் போப்பியா என்கிறார்களே, அதுதான். 2021 ஜூலை 1 முதல் அது முழுமையாக அமலில் உள்ளது. சிறுவர்களின் தகவலைத் திரட்டுவதற்கு அதிலும் பொதுவாகப் பெற்றோர் சம்மதம் தேவை. ஆகவே வகுப்பில் கருத்துக்கணிப்பு, உணவுப் பழக்கம் பற்றிய கேள்வித்தாள், படம் எடுப்பது எதுவானாலும் முதல் கேள்வியைக் கேட்பதற்கு முன்பே கையெழுத்து கைக்கு வந்திருக்க வேண்டும். முடித்த பிறகு முன்தேதி போட்டு வாங்குவது ஏமாற்று, அதைப் பிள்ளைக்குப் பழக்கிவிடாதீர்கள். ஆயாவிடமும் தாளை நீட்டிக் கையெழுத்து மட்டும் வாங்காமல், எதற்காகப் பதிவு செய்கிறோம், யார் கேட்பார்கள் என்று தமிழில் சொல்லி, அவர் சரி என்பதையும் பதிவிலேயே வைத்துக்கொள்ளுங்கள். இடையில் வேண்டாம் என்றால் விட்டுவிட வேண்டும்.

அறிவியல் பக்கம் போக விரும்பும் பிள்ளைக்கு இளம் விஞ்ஞானிகளுக்கான எஸ்காம் எக்ஸ்போ இருக்கிறது. 1980 முதல் நடப்பது. தொடக்கப் பள்ளியின் கிரேட் 4 முதல் மெட்ரிக் வரை பிள்ளைகள் கலந்துகொள்ளலாம். நாடு முழுவதும் 35 வட்டாரங்களாகப் பிரித்து வைத்திருக்கிறார்கள். பள்ளியில் தொடங்கி வட்டாரக் கண்காட்சிக்குப் போய், அங்கே தேர்வானால் ஆண்டின் பிற்பகுதியில் நடக்கும் பன்னாட்டு அறிவியல் கண்காட்சிக்குப் போகலாம். அங்கிருந்து ஒரு சிலர் அமெரிக்காவில் பள்ளி மாணவர்களுக்காக நடக்கும் ஐசெஃப் என்ற பன்னாட்டு அறிவியல் போட்டிக்கும் அனுப்பப்படுகிறார்கள்.

பளபளக்கும் மாதிரி செய்து வைத்தால் போதும் என்று சில பெற்றோர் நினைக்கிறார்கள். எரிமலை செய்து சோடா உப்பைக் கொட்டுவது எக்ஸ்போ அல்ல. ஒரு கேள்வி, அதற்குத் திட்டம், அளவீடு, எல்லாம் தேதியோடு எழுதிய குறிப்பேடு, பிறகு சுருக்கம். நடுவர் மேசைக்கு வந்து பிள்ளையிடம் நேராகப் பேசுவார். அப்பா செய்து கொடுத்த வேலை என்றால் மூன்றாவது கேள்வியிலேயே தெரிந்துவிடும். பதக்கங்கள் முதல் மூன்று பேருக்கு மட்டும் என்றில்லை. வேலையின் தரத்துக்கு ஏற்பப் பலருக்குத் தங்கமும் வெள்ளியும் வெண்கலமும் கிடைக்கலாம்.

கேள்வி நம் வாசலிலேயே இருக்கும். 2022 ஏப்ரல் வெள்ளத்தில் கழிவுநீர்க் குழாய்கள் உடைந்து, டர்பன் கடற்கரைகளை மூடினார்களே, அந்தத் தண்ணீரைப் பற்றிக் கேட்காத பிள்ளை இல்லை. ஆற்று நீரில் கிருமி எவ்வளவு என்று பார்ப்பது நல்ல கேள்விதான். ஆனால் அந்தக் கிருமிகளை வீட்டுச் சமையலறையில் வளர்க்கக் கூடாது. ஐசெஃப் விதி அதை நேரடியாகவே தடை செய்கிறது. பள்ளி ஆய்வகத்திலோ பல்கலைக்கழகத்திலோ விவரம் தெரிந்தவர் மேற்பார்வையில்தான் செய்ய வேண்டும். முதுகெலும்புள்ள விலங்குகளை வைத்துச் செய்வதற்கும் தொடங்கும் முன்பே அனுமதி வாங்க வேண்டும். விதி தெரியாமல் ஆகஸ்டில் வந்து நிற்பதைவிட, பிப்ரவரியில் வேறு கேள்வி எடுப்பது மேல்.

இந்த வழியில் போனவர்களில் சியபுலேலா குசாவைப் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். ம்தாதா ஊர்க்காரர். அம்மாவின் சமையலறையில் ராக்கெட் எரிபொருளைக் கலக்கத் தொடங்கி, எக்ஸ்போவில் தங்கம் வாங்கி, 2007இல் ஐசெஃப் வரை போனார். ஒரு சிறுகோளுக்கு 23182 சியகுசா என்று அவர் பெயரையே வைத்தார்கள். சமையலறையில் எரிபொருள் கலப்பதை மட்டும் நம் பிள்ளைகள் பின்பற்ற வேண்டாம். ஜோகன்னஸ்பர்க் மாணவி கியாரா நிர்கின் 2016இல், பதினாறு வயதில், ஆரஞ்சுத் தோலிலிருந்து தண்ணீரைப் பிடித்து வைக்கும் பொருள் செய்து கூகுள் அறிவியல் போட்டியின் பெரும்பரிசை வென்றார். நாடே வறட்சியில் வாடிய காலம் அது.

பதக்கம் வாங்கினால் பல்கலைக்கழகத்தில் இடம் உறுதியா என்று எல்லோரும் கேட்கிறார்கள். இல்லை. இங்கே சேர்க்கை பெரும்பாலும் மெட்ரிக் பாடங்களில் எடுக்கும் மதிப்பெண்ணைக் கூட்டிப் போடும் புள்ளிக் கணக்கில்தான் நடக்கிறது. எக்ஸ்போவில் சில பல்கலைக்கழகங்கள் உதவித்தொகை அறிவிப்பது உண்டு, அது பெரிய உதவி. ஆனால் மெட்ரிக் ஆண்டில் படிப்பைக் கெடுத்துக்கொண்டு திட்டம் செய்ய வேண்டாம். கிரேட் 9, 10தான் சரியான காலம். காசு கட்டி வாங்கும் மாநாட்டுச் சான்றிதழும் அந்தப் புள்ளிக் கணக்கில் ஒன்றும் கூட்டாது.

கணிதப் பிள்ளைகளுக்குத் தென்னாப்பிரிக்கக் கணித ஒலிம்பியாட் உண்டு, முதல் சுற்று அவரவர் பள்ளியிலேயே நடக்கும். மகாண்டாவில் சைஃபெஸ்ட் விழா, ஆண்டுதோறும் தேசிய அறிவியல் வாரம், ஜோகன்னஸ்பர்க் நியூடவுனில் சை-போனோ மையம், உம்லாங்காவில் கேட்வே வளாகத்துக்குள் இருக்கும் அறிவியல் மையம் எல்லாம் போய்ப் பார்த்துக் கேள்வி பிறக்க நல்ல இடங்கள்.

வெளிநாட்டுக்குப் போகத் தேர்வானால் உடனே தாள்களைப் பாருங்கள். பெற்றோர் கூட வராமல் தனியாகப் பயணம் செய்யும் சிறுவருக்குப் பெற்றோரின் சம்மதக் கடிதம் அல்லது உறுதிமொழிப் பத்திரம், அங்கே வரவேற்பவர் தன் முகவரியோடு எழுதிய கடிதம், அவருடைய அடையாள அட்டை அல்லது பாஸ்போர்ட் நகல், பெற்றோரின் தொடர்பு விவரம் இவையெல்லாம் கேட்பார்கள். அப்பா, அம்மா பெயர்கள் இரண்டும் இருக்கும் முழுப் பிறப்புச் சான்றிதழ் கையில் இல்லையென்றால் இப்போதே விண்ணப்பியுங்கள். கடைசி வாரத்தில் அலைய முடியாது.

தமிழ்நாட்டிலிருந்தோ இலங்கையிலிருந்தோ வேலைக்கு வந்து, இன்னும் தாள்கள் முழுமையாகாத குடும்பங்களுக்கு ஒரு வார்த்தை. ஆவணம் இல்லை என்பதற்காகப் பிள்ளையைப் பள்ளியிலிருந்து விலக்கக் கூடாது என்று மகாண்டா உயர் நீதிமன்றம் 2019 டிசம்பரில் தீர்ப்பளித்திருக்கிறது. பயந்துகொண்டு வீட்டில் வைத்திருக்காதீர்கள். பள்ளிக்குள் இருந்தால்தான் மற்றதெல்லாம்.

சரி, என்ன கேட்பது? ஜனவரியில் பள்ளி திறந்ததும் வரலாற்று ஆசிரியரிடம் லுதுலி திட்டத்துக்கான சுற்றறிக்கை வந்ததா என்று கேளுங்கள். அறிவியல் ஆசிரியரிடம் நம் பள்ளி எந்த எக்ஸ்போ வட்டாரத்தில் இருக்கிறது, பதிவு எப்போது முடிகிறது, கட்டணம் ஏதாவது உண்டா, சம்மதப் படிவங்கள் எங்கே என்று கேளுங்கள். யாரும் பொறுப்பில் இல்லை என்றால் மாவட்டக் கல்வி அலுவலகத்தில் அந்தப் பாடத்துக்கு ஓர் ஆலோசகர் இருப்பார், அவரிடம் போகலாம். சாட்ஸ்வொர்த் பள்ளிகள் உம்லாசி மாவட்டத்தில் வருகின்றன, பீனிக்ஸ் பள்ளிகள் பைன்டவுன் மாவட்டத்தில். கோயில் படியில் என்னோடு உட்கார்ந்திருந்த அந்தத் தாய் இதையெல்லாம் தேங்காய் சுற்றி வந்த காகிதத்தின் பின்பக்கத்தில் எழுதிக்கொண்டு, மடித்துப் பைக்குள் வைத்தார். அவர் மகள் அதற்குள் ஆயாவிடம் போய், பழைய வீடு கேட்டோ மேனரில் எந்தத் தெருவில் இருந்தது என்று கேட்டுக்கொண்டிருந்தாள்.