மூடுபனி பழுக்க வைக்கும் திராட்சை

கலிபோர்னியாவில் மகன் வீட்டுக்குப் போய்வந்த வாசகி ஒருவர் கேட்டிருந்தார்: “ஜூலை மாதம் சொனோமா கடற்கரையில் ஸ்வெட்டர் இல்லாமல் நடுங்கிப்போனோம். ஒரு மணி நேரம் உள்ளே போனால் வெயில் கொளுத்துகிறது. வழியில் ஒரு திராட்சைத் தோட்டத்தில், ‘எங்கள் ஒயினுக்கு ருசி தருவதே மூடுபனிதான்’ என்றார்கள். விளம்பரத்துக்குச் சொல்வதா, உண்மையா?”

உண்மைதான். ஆனால் அந்த மூடுபனி எங்கிருந்து வருகிறது என்று தேடிப்போனால், ஒயினைவிடச் சுவையான கதை ஒன்று கிடைக்கிறது.

சான் பிரான்சிஸ்கோவுக்கு வடக்கே உள்ள சொனோமா, 38 டிகிரி வடக்கு அட்சரேகையை ஒட்டியது. ஏதென்ஸ் நகரமும் அதே ரேகையில்தான் இருக்கிறது. சொனோமாவில் பேர்போன சிவப்பு ஒயின் பினோ நுவார். அந்தத் திராட்சையின் பூர்வீகமோ 47 டிகிரியில் இருக்கும் பிரான்சின் பர்கண்டி. மெல்லிய தோல், சீக்கிரம் பழுக்கும் சுபாவம். சூடான ஊரில் வைத்தால் மணம் கூடுவதற்குள் சர்க்கரை ஏறிவிடும். ஏதென்ஸின் ரேகையில் இது எப்படிப் பிழைக்கிறது?

வடக்கிலிருந்து வரும் கலிபோர்னியா நீரோட்டம் குளிர்ந்தது, அதனால்தான் என்று பொதுவாகச் சொல்வார்கள். அது பாதி விடைதான். கோடையில் அங்கே கரையை ஒட்டிய நீர், நடுக்கடல் நீரைவிடக் குளிர்ந்திருக்கிறது. நீரோட்டம் மட்டுமே காரணமென்றால் கரையோரம் மட்டும் ஏன் இப்படி?

1893இல், நார்வேயைச் சேர்ந்த துருவப் பயணி நான்சென் தன் ‘ஃப்ராம்’ கப்பலை ஆர்க்டிக் பனியில் உறையவிட்டு அதனோடே மிதந்து போனார். போகும்போது ஒன்றைக் கவனித்தார்: பனிக்கட்டிகள் காற்று தள்ளும் திசையில் போகவில்லை, அதற்குக் கொஞ்சம் வலப்பக்கமாக விலகிப் போயின. ஏன் என்பதற்குக் கணக்குப் போட்டவர் ஸ்வீடனைச் சேர்ந்த எக்மன் என்ற இளைஞர். கடலைப் பல மெல்லிய அடுக்குகளாக நினைத்துக்கொள்ளுங்கள். காற்று மேல் அடுக்கை இழுக்கிறது. பூமி சுழல்வதால் வரும் கொரியாலிஸ் விளைவு அதை வலப்பக்கம் திருப்புகிறது. மேல் அடுக்கு தனக்குக் கீழுள்ள அடுக்கை இழுக்கிறது. அது இன்னும் வலப்பக்கம் திரும்புகிறது, வேகம் கொஞ்சம் குறைகிறது. அதற்குக் கீழே இன்னொன்று, இன்னும் வலப்பக்கம், இன்னும் மெதுவாக. சுழற்படிக்கட்டு போல இறங்கிக்கொண்டே போகும் இந்த ஓட்டங்களை எல்லாம் கூட்டினால், மொத்த நீரும் காற்றுக்குச் சரியாக 90 டிகிரி வலப்புறம் நகர்கிறது! (தென் அரைக்கோளத்தில் இடப்புறம்.) முதன்முறை இந்தக் கணக்கைப் படித்து முடித்தபோது எழுந்து நின்று கைதட்ட வேண்டும் போலிருந்தது எனக்கு.

இப்போது சொனோமாவின் போடேகா விரிகுடாவில் போய் நில்லுங்கள். கோடைக் காற்று வடமேற்கிலிருந்து கரையோரமாகவே வீசுகிறது. காற்றுக்கு முதுகைக் காட்டித் தெற்குப் பக்கம் பாருங்கள். இடக்கைப் பக்கம் நிலம், வலக்கைப் பக்கம் பசிபிக். ஆக, மேல் நீர் வலக்கைப் பக்கம், அதாவது கரையை விட்டு வெளியே போகிறது. காலியாகும் இடத்தை நிரப்ப ஆழத்திலிருந்து குளிர்ந்த நீர் மேலே எழுகிறது. ஜூலையில்கூட அங்கே கடல் 12 டிகிரி அளவில்தான் இருக்கும்.

கொல்லத்திலிருந்து கன்னியாகுமரி வரையுள்ள கடலிலும் தென்மேற்குப் பருவமழைக் காலத்தில் இதே வேலைதான் நடக்கிறது. பருவமழையின் பெயர் தென்மேற்கு என்றாலும், அந்தக் கரையோரம் காற்று பெரும்பாலும் வடமேற்குப் பக்கத்திலிருந்தே வீசுகிறது. அங்கும் மேற்குக் கரை, அங்கும் நிலம் இடக்கைப் பக்கம். ஆழத்து நீரோடு சத்தும் மேலே வருகிறது, நுண்பாசி பெருகுகிறது, அதைத் தின்னச் சாளை மீன் கூட்டம் கூட்டமாக வருகிறது. நம் குழம்பில் கிடக்கும் சாளைக்கும் சொனோமாவின் ஒயினுக்கும் பின்னால் இருப்பது எக்மனின் ஒரே கணக்கு.

சரி, மூடுபனிக்கு வருவோம். ஈரக்காற்று அந்தக் குளிர்ந்த நீரைத் தொட்டதும் ஈரம் சிறு துளிகளாகிறது. மேலே, பசிபிக் கடல்மீது நிற்கும் உயரழுத்தப் பகுதியிலிருந்து இறங்கும் வெப்பக்காற்று, சட்டிக்கு மூடி போட்டது போல அதை அழுத்தி வைக்கிறது. உள்நாட்டுப் பள்ளத்தாக்கு பகலில் சூடாகிக் காற்றை உள்ளே இழுக்கும்போது, மலைத்தொடரில் எங்கே இடைவெளி இருக்கிறதோ அங்கே மூடுபனி நுழைகிறது. பெட்டலுமா இடைவெளி அப்படிப்பட்ட வாசல்.

திராட்சைக்குள் என்ன நடக்கிறது? அதன் புளிப்புக்கு முக்கியமாக இரண்டு அமிலங்கள். ஒன்று டார்டாரிக், நம் புளியில் இருப்பது. மற்றொன்று மாலிக், பச்சை ஆப்பிளில் இருப்பது. பழுக்கும்போது காய் மாலிக் அமிலத்தையே எரிபொருளாகச் சுவாசித்துத் தீர்க்கிறது. வெயில் ஏற ஏற வேகமாகத் தீர்க்கும். குளிரில் அது மிச்சமாகிறது. தோலின் நிறமிகளும் கடும் சூட்டில் குறைந்துபோகும். பினோவுக்கு நிறம் ஏற்கெனவே கம்மி. குளிர் பழுப்பதைத் தாமதப்படுத்துவதால், சர்க்கரை ஏறும் நேரத்திலேயே மணமும் கூடிவருகிறது. மிச்சமான மாலிக்கைப் பிற்பாடு பாக்டீரியாக்கள், தயிரில் இருக்கும் லாக்டிக் அமிலமாக மாற்றிப் புளிப்பை மென்மையாக்குகின்றன.

ஆனால் மூடுபனி கூடிப்போனால் காய் பழுக்கவே பழுக்காது. அதனால் கடலுக்கு மிக அருகில், 1812இல் ரஷ்யர்கள் கோட்டை கட்டிய ஃபோர்ட் ராஸ் பகுதியில், 920 அடிக்கு மேலே உள்ள மலைமுகடுகளில்தான் தோட்டம் போடுகிறார்கள். கீழே வெள்ளையாக மூடுபனி படுத்திருக்க, செடிகள் அதற்கு மேலே வெயிலில் நிற்கும். ஒயின் லேபிளில் போட அரசு அங்கீகரித்த தனிப் பெயர் அதற்கு 2012 முதல் உண்டு: ‘ஃபோர்ட் ராஸ்-சீவியூ’. 1987இல் வகுத்த ‘சொனோமா கோஸ்ட்’ எல்லை, சூடான உள்பகுதிகளையும் சேர்த்து வளைத்த பெரிய எல்லை. உண்மையான கடலோரத்துக்கு ‘வெஸ்ட் சொனோமா கோஸ்ட்’ என்ற பெயர் 2022இல்தான் கிடைத்தது. லேபிளில் கடற்கரை என்று இருந்தாலே குளிர்ந்த இடம் என்று நம்பிவிடாதீர்கள்.

மண்ணில் உள்ள பாறையின் ருசி ஒயினில் வருகிறது என்று விற்பவர்கள் சொல்வதையும் நான் ஏற்கமாட்டேன். பாறையை உறிஞ்சிக் கொண்டுபோய்ப் பழத்தில் வைக்கும் வேர் கிடையாது. மண் நீரைப் பிடிப்பதும் வடிப்பதும் செடியைப் பாதிக்கும், அவ்வளவுதான்.

இந்த மூடுபனியே இப்போது குறைந்துவருகிறது. பெர்க்லி பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜான்ஸ்டனும் டாசனும் 2010இல் வெளியிட்ட ஆய்வின்படி, 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தை ஒப்பிட்டால் அந்தக் கரையில் கோடை மூடுபனி ஏறத்தாழ 33 சதவீதம் குறைந்திருக்கிறது. இதற்கு அவர்களுக்கு உதவியவை விமான நிலையங்களின் பழைய குறிப்பேடுகள். மேகம் எத்தனை அடி உயரத்தில் நிற்கிறது என்று, விமானங்களுக்காக 1951 முதல் மணிக்கு மணி எழுதிவைத்தவை. அதற்கு முந்தைய ஆண்டுகளைக் கடலோர, உள்நாட்டு வெப்பநிலைப் பதிவுகளோடு ஒப்பிட்டுக் கணித்தார்கள். ஆராய்ச்சிக்குப் பணம் ஒதுக்குகிறவர்கள் புதிய கருவிக்கு உடனே கையெழுத்துப் போடுகிறார்கள். தினமும் ஒரே எண்ணைக் குறித்துவைக்கும் வேலைக்கு ஐந்தாம் ஆண்டே பணத்தை நிறுத்திவிடுகிறார்கள். அந்த விமான நிலையங்களில் யாராவது அப்படி நிறுத்தியிருந்தால், மூடுபனி குறைவதே நமக்குத் தெரிந்திருக்காது.