முளைச்சா மட்டும் போதாது, ரெண்டாவது மழையும் வரணும்

பச்சைப்பயிறை ஊற வச்சு ஈரத்துணில கட்டிப்போட்டா மறுநாளே முளை எட்டிப் பாக்குது, அதைப் பாத்து ஈரம் இருந்தா போதும் எல்லாம் வந்துரும்னு நினைச்சுக்குறோம். அமெரிக்காவுல கொலராடோ மேய்ச்சல் நிலத்துல ப்ளூ கிராமானு ஒரு நாட்டுப்புல் இருக்கு, அது முளைக்கிறதுல பெருசா சிக்கல் இல்ல, முளைச்சதுக்கு அப்புறம்தான் இருக்கு.

விதை அவ்ளோ பொடிசு, ஒரு கிலோவுல 15 லட்சம் விதைக்கு மேல இருக்கும். ஆழமா விதைச்சா மேல வர்றதுக்குள்ள தெம்பு தீந்துரும், அதனால கால் இன்ச், மிஞ்சிப்போனா அரை இன்ச். ஆனா முதல்ல காயுறதும் அந்த மேல்மண்ணுதானே!

இன்னொண்ணு, தண்ணி எவ்ளோ இருக்குங்கிறதை விட மண்ணு அதை எவ்ளோ இறுக்கிப் பிடிச்சிருக்குங்கிறதுதான் கணக்கு. 100 கிராம் மணல்ல 10 கிராம் தண்ணின்னா விதைக்குத் தாராளம், களிமண்ணுல அதே 10 கிராமை விதையால உறிஞ்சி எடுக்கவே முடியாது.

சரி, முளைச்சாச்சு. விதைக்கும் குருத்துக்கும் நடுவுல நூல் மாதிரி ஒரு தண்டு நீண்டு குருத்தை மேல தள்ளிட்டே போகும், வெளிச்சம் பட்டதும் நின்னுரும், அதனால புதுவேர் விடவேண்டிய கழுத்து மண்ணுக்கு சில மில்லிமீட்டர் கீழதான் உக்காருது. அடியில இருக்கிறது ஒத்தை விதைவேர், தண்ணி வர்ற பைப்பும் அந்த நூல் ஒண்ணுதான். இலை கூடக்கூட அது பத்தாது. கழுத்துல புதுவேர் விட்டே ஆகணும், அதுக்கு முளைச்ச சில வாரத்துக்குள்ள மேல்மண்ணு தொடர்ந்து ரெண்டு மூணு நாள் ஈரமா இருக்கணும், வருஷத்துக்கே 300, 350 மில்லிமீட்டர் மழை பெய்யிற ஊர்ல இது லேசுல அமையாது. கொடுமை என்னன்னா ஒரு சாண் கீழ ஈரம் இருந்தாலும் நாத்து செத்துரும்.

ரஷ்யா பக்கத்துலருந்து கொண்டுவந்த கிரெஸ்டட் வீட்கிராஸுங்கிற புல்லுக்கு இந்தத் தொல்லை கம்மி. அதுல அந்த நூல் நீளாது, குருத்தை மூடியிருக்கிற உறைதான் நீளும், கழுத்து விதை போட்ட ஆழத்துலயே ஈரத்துல இருந்துக்கும். 1930கள்ல புழுதிப்புயல் அடிச்சு கைவிட்ட நிலத்துல எல்லாம் இதை அள்ளி விதைச்சாங்கன்னா சும்மா இல்ல.

காஞ்சுபோன ப்ளூ கிராமா நாத்து ஒண்ணைப் பிடுங்கிப் பாத்தா, கழுத்துல ரெண்டு மூணு வேர் குட்டியா துருத்திக்கிட்டு அப்படியே கருகி நிக்கும்.