விமானத் தகட்டில் ஊசிக்கு என்ன வேலை?

சேலத்தில் எந்தப் பட்டறையிலும் தகட்டில் அளவு குறிக்க முதலில் கைக்கு வருவது ஸ்கிரைபர் ஊசிதான். ஒரு கோடு கிழித்துவிட்டால் எண்ணெய் பட்டாலும் அழியாது. கதவு, பீரோவுக்கு அது போதும். ஆனால் சொந்தமாகச் சிறு விமானம் கட்டுகிறவர்கள், வெட்டியெடுக்கும் ஓரத்தைத் தவிர வேறெங்கும் அந்த ஊசியை வைக்க மாட்டார்கள்.

காரணம், அந்தக் கீறல்தான். துணிக்கடையில் ஓரத்தில் சின்னதாக ஒரு வெட்டு போட்டு இழுத்தால் துணி நேராகக் கிழிந்துகொண்டே போகும் அல்லவா? கீறலின் அடியிலும் அப்படித்தான் விசை குவிகிறது. இரும்புக்காவது ஒரு வரம்பு உண்டு. அதற்குக் கீழே எத்தனை முறை வளைத்தாலும் தாங்கும். விமானத் தகடான அலுமினியத்துக்கு அந்த வரம்பு கிடையாது. அதிர்வு சிறியதானாலும், போதுமான தடவை வந்தால் விரிசல் விடும்.

இன்னொன்றும் உண்டு. ஏற்காட்டு மலை பாக்சைட்டிலிருந்து ஒரு காலத்தில் மேட்டூரில் எடுத்தார்களே, அந்தச் சுத்த அலுமினியம் மெத்தென்றிருக்கும். 2024 என்ற விமானக் கலவையில் வலுவுக்காகச் சுமார் 4 சதவீதம் செம்பு சேர்க்கிறார்கள். செம்பு சேர்ந்தால் எளிதில் அரிக்கும். அதனால் தகட்டின் மேலே சுத்த அலுமினியத்தை மெல்லிய படலமாகப் போர்த்துகிறார்கள். ஊசி அதையும் கிழித்துவிடும். பென்சிலும் ஆகாது: கிராஃபைட்டும் அலுமினியமும் ஈரத்தில் சேர்ந்தால் குட்டி பேட்டரி மாதிரி வேலை செய்து அரிப்பைக் கிளப்பும். மார்க்கர் பேனாதான் சரி.

தகடுகளை இணைக்க ரிவெட் என்ற உலோக ஆணி அடிக்கத் துளை போட வேண்டும். அந்தத் துளையும் ஒரு பலவீனம்தான். அகலமான தகட்டை இழுத்தால் வட்டத் துளையின் விளிம்பில் அழுத்தம் மூன்று மடங்காகும் என்று 1898லேயே கிர்ஷ் என்ற ஜெர்மன் பொறியாளர் கணக்குப் போட்டுவிட்டார். 1954இல் கடலில் விழுந்த காமெட் என்ற பிரிட்டிஷ் பயணிகள் ஜெட் விமானத்தின் விரிசலும் ஜன்னல் திறப்புக்கு அருகே ஒரு துளையின் விளிம்பில் தொடங்கியதுதான். அதனால் ரிவெட் துளையின் மையம் தகட்டின் ஓரத்திலிருந்து விட்டத்தைப்போல் இரண்டு மடங்காவது தள்ளியிருக்க வேண்டும். 3.2 மில்லிமீட்டர் ரிவெட் என்றால் 6.4.

துளைக்கும் இடத்தில் சிறு குழி போடும் கூர் உளியான சென்டர் பஞ்சை மெதுவாகத் தட்டினால் போதும். ஓங்கி அடித்தால் மெல்லிய தகடு குழிந்துவிடும். அடியில் மரக்கட்டை வைத்து, முதலில் சுமார் 2.5 மில்லிமீட்டர் துளை. அப்புறம் இரண்டு தகடுகளையும் கிளீக்கோ என்ற ஸ்பிரிங் பிடிப்பானால் சேர்த்துப் பிடித்து, இரண்டையும் ஒன்றாக முழு அளவுக்குத் துளைக்கிறார்கள். தனித்தனியாகத் துளைத்தால் நேர்கோட்டில் வராது.

பிறகு பிரித்துப் பிசிறு எடுக்க வேண்டும். சலிப்பான வேலை, ஆனால் விட முடியாது. பிசிறு நடுவில் மாட்டினால் தகடுகள் ஒட்டி உட்காராது. அந்த இடைவெளியில் ரிவெட்டும் பிதுங்கும். பெரிய டிரில் பிட்டை விரலால் ஓரிரு சுற்று திருப்பினால் போதும். அதற்கு மேல் சுரண்டினால் விளிம்பு கத்தியாகும், விரிசலுக்கு நாமே வழிவிட்டதாகும்.