கேஸ் மாத்திரையும் மாத்திரைதான்

"இப்போ என்னென்ன மாத்திரை சாப்பிடறீங்க?" என்று கேட்டால் சர்க்கரைக்கு இது, பிரஷருக்கு இது என்று மடமடவென்று பதில் வரும். "வேற?" என்றால், "வேற ஒண்ணும் இல்ல சார்." சரி, கொண்டுவந்த பையை மேசையில் கொட்டுங்கள் என்பேன். அதில் பாதி தீர்ந்த அட்டை ஒன்று கட்டாயம் இருக்கும். "அப்போ இது?" "ஓ அதுவா, அது சும்மா கேஸ் மாத்திரை சார்."

இந்தப் பதிலைக் கேட்டுக் கேட்டு அலுத்துப்போய்த்தான் இதை எழுதுகிறேன்.

அண்மையில் வந்த ஓர் அம்மாவுக்கு எழுபதை ஒட்டிய வயது. மகன் கையைப் பிடித்து அழைத்துவந்தார். அம்மா குட்டிக் குட்டி அடியாக வைத்து, தரையைத் தேய்த்துக்கொண்டே நடக்கிறார். உட்கார்ந்தால் மடியில் வைத்த இரண்டு கைகளும் நடுங்குகின்றன. முகத்தில் சிரிப்பும் இல்லை, சிடுசிடுப்பும் இல்லை. உதட்டோரம் எச்சில் வழிகிறது, அதைத் துடைக்க வேண்டும் என்றுகூட அவருக்குத் தோன்றவில்லை. "வயசாயிடுச்சு, நரம்புத் தளர்ச்சி. சத்து ஊசி ஏதாவது போடுங்க டாக்டர்" என்கிறார் மகன். வேறோர் இடத்தில் பார்க்கின்சன் நோய் என்று சொல்லி அதற்கும் மாத்திரை தொடங்கியிருந்தார்கள்.

பையைக் கொட்டினோம். பான்டோபிரசோலும் லெவோசல்பிரைடும் சேர்ந்த கேப்ஸ்யூல். வயிற்று உப்புசத்துக்கு யாரோ ஒரு மருத்துவர் பத்து நாளைக்கு எழுதிக் கொடுத்தது. சீட்டு எங்கோ போய்விட்டது. காலி அட்டையை மெடிக்கல் ஷாப்பில் காட்டி எட்டு மாதமாக வாங்கிக்கொண்டிருக்கிறார்கள்.

உடல் அசைவைச் சீராக வைத்திருக்கும் டோபமின் என்ற ரசாயனம் மூளையில் உண்டு. லெவோசல்பிரைடு அதன் வேலையைத் தடுக்கும். பார்க்கின்சன் நோயில் குறைந்துபோவதும் அதே டோபமின்தான். ஆக அந்த அம்மா காலையில் டோபமினைத் தடுக்க ஒரு மாத்திரை, அப்புறம் டோபமினைக் கூட்ட இன்னொரு மாத்திரை என்று சாப்பிட்டுக்கொண்டிருந்தார். இரண்டுக்கும் மகன் மாதாமாதம் பணம் கட்டிக்கொண்டிருந்தார். கேப்ஸ்யூலை நிறுத்தினால் இந்த நடுக்கம் பெரும்பாலானவர்களுக்குச் சில வாரங்களிலோ மாதங்களிலோ குறையும். சிலருக்கு முழுதாகப் போவதே இல்லை.

எனக்குக் கோபம் வருவது அந்த மகன் மேல் இல்லை. 'கேஸ் மாத்திரை' என்று ஒரே ஒரு மாத்திரை இருப்பதுபோல ஊரே நம்புகிறதே, அதன் மேல்தான். அப்படி ஒரு மாத்திரை கிடையாது. அந்தப் பெயரில் நீங்கள் விழுங்குவது பெரும்பாலும் இரண்டு மருந்துகள். ஒன்று அமிலச் சுரப்பைக் குறைப்பது: பான்டோபிரசோல், ரபிபிரசோல், ஒமிபிரசோல், ஈசோமிபிரசோல். மற்றது குமட்டலை அடக்கி, இரைப்பையைக் கீழ்நோக்கித் தள்ள வைப்பது: டாம்பெரிடோன், லெவோசல்பிரைடு, ஐடோபிரைடு போன்றவை. பெயரின் வாலில் 'டி', 'டிஎஸ்ஆர்' என்று இருந்தால் பெரும்பாலும் டாம்பெரிடோன். 'எல்', 'எல்எஸ்' என்று இருந்தால் பெரும்பாலும் லெவோசல்பிரைடு. பக்கத்து வீட்டுக்காரருக்குக் கேட்டது உங்களுக்கும் கேட்கும் என்று வாங்கும்போது, இந்த வால் எழுத்தை இருவரில் ஒருவரும் பார்ப்பதில்லை. நெஞ்செரிச்சல் மட்டும் இருப்பவருக்கு இரண்டாவது மருந்து பல நேரங்களில் தேவையே இல்லை. இதைச் சொல்ல எங்கள் தொழிலிலேயே சிலருக்கு மனம் வருவதில்லை. கூட்டு கேப்ஸ்யூலை எழுதுவது கை போன பழக்கம்.

டாம்பெரிடோனை எடுத்துக்கொள்ளுங்கள். ஐரோப்பிய மருந்து முகமை 2014இல் இதற்குக் கடிவாளம் போட்டது. குமட்டல், வாந்திக்கு மட்டும் கொடுக்கலாம். உப்புசத்துக்கும் நெஞ்செரிச்சலுக்கும் கூடாது. பெரியவர்களுக்கு வேளைக்கு 10 மில்லிகிராம், நாளுக்கு மூன்று வேளைக்கு மேல் வேண்டாம். பொதுவாக ஒரு வாரத்துக்குள் நிறுத்திவிட வேண்டும். காரணம் இதயத் துடிப்பின் தாளம் தவறும் ஆபத்து. அறுபது வயதைத் தாண்டியவர்களுக்கும், ஒரு நாளில் 30 மில்லிகிராமுக்கு மேல் சாப்பிடுபவர்களுக்கும் அது கூடுதல். அமெரிக்காவில் இந்த மருந்துக்கு ஒப்புதலே கிடையாது. நம் ஊரில் அதிகம் விற்கும் கூட்டு கேப்ஸ்யூலில் டாம்பெரிடோன் 30 மில்லிகிராம் இருக்கிறது. ஒன்று விழுங்கினாலே அன்றைய கணக்கு முடிந்தது. மாலையில் வாந்தி என்று இன்னொரு கிளினிக்குக்குப் போவார்கள், அங்கே மூன்று வேளைக்கு டாம்பெரிடோன் மாத்திரை தருவார்கள். காலையில் சாப்பிட்டது 'சும்மா கேஸ் மாத்திரை' என்பதால் அதை அங்கே சொல்லியிருக்க மாட்டார்கள்.

படர்தாமரை இப்போது வீட்டுக்கு வீடு. அதற்கு வாரக்கணக்கில் இட்ராகோனசோல் கேப்ஸ்யூல் ஓடும். 'ஹெவி டோஸ், வயிறு புண்ணாகும்' என்று கூடவே கேஸ் மாத்திரையும் ஓடும். இட்ராகோனசோல் உடலில் இருக்கும்போது டாம்பெரிடோன் கரைந்து வெளியேறாமல் ரத்தத்தில் ஏறும். இரண்டையும் சேர்த்துக் கொடுக்கவே கூடாது. வேடிக்கை என்னவென்றால், இட்ராகோனசோல் கேப்ஸ்யூல் உறிஞ்சப்படுவதற்கு வயிற்றில் அமிலம் வேண்டும். பான்டோபிரசோல் அந்த அமிலத்தைக் குறைத்துவிடும். ஆபத்தும் கூடி, அரிப்பும் போகாமல், கடைசியில் திட்டு வாங்குவது தோல் மருத்துவர். கிளாரித்ரோமைசின், எரித்ரோமைசின் ஆகிய ஆன்டிபயாடிக்குகளோடும் டாம்பெரிடோன் சேரக் கூடாது. இரைப்பைக் கிருமிக்கான சிகிச்சையில் கிளாரித்ரோமைசின் வழக்கமாக இருக்கும் என்பதால், வயிற்று நோயாளிகளே இதை முதலில் கவனிக்க வேண்டும்.

அப்புறம் மெட்டோகுளோப்ரமைடு. வாந்திக்கு ஊசியாகவும் மாத்திரையாகவும் வரும். பிள்ளைகளுக்கும் இளம் வயதினருக்கும் இதில் ஒரு விபரீதம் உண்டு. காலையில் ஊசி போட்ட கல்லூரிப் பெண்ணுக்கு மாலையில் கழுத்து ஒரு பக்கம் முறுக்கிக்கொள்ளும், கண் இரண்டும் மேலே சொருகி அப்படியே நிற்கும், தாடை இறுகிப் பேச்சு வராது. ஆனால் நினைவு தப்பாது. சுற்றி நடப்பதெல்லாம் காதில் விழும். வீட்டில் வலிப்பு என்பார்கள், காத்து கருப்பு என்பார்கள். வேப்பிலை அடித்து, விபூதி போட்டு, ராத்திரி பத்து மணிக்குத் தூக்கி வருவார்கள். அதற்கென்று மாற்று ஊசி இருக்கிறது, போட்டால் சில நிமிடங்களில் கழுத்து நேராகிவிடும். வாந்திக்கு ஊசி போட்ட விஷயத்தை வாசலிலேயே சொல்லிவிடுங்கள். தலையை ஸ்கேன் எடுக்கும் செலவாவது மிச்சம்.

கல்யாணமாகாத பெண்ணுக்கு மார்பில் பால் கசிகிறது என்று அம்மாவும் மகளும் கண் கலங்க வந்து உட்காருவதும், மாதவிலக்கு தள்ளிப்போவதும், ஆணுக்கு மார்பு வீங்குவதும் டாம்பெரிடோன், லெவோசல்பிரைடு, மெட்டோகுளோப்ரமைடு ஆகிய இந்தக் குடும்ப மருந்துகளால் நடக்கும். எம்ஆர்ஐக்கு அனுப்பும் முன் அட்டையைப் பார்த்தால் போதும், பல நேரம் விடை அதிலேயே இருக்கும்.

சாப்பிடும் முறை. பான்டோபிரசோல் வகைகளை வெறும் வயிற்றில், காலை உணவுக்கு அரைமணி முன்னால் சாப்பிடுங்கள். இட்லி சாப்பிட்டு, காபி குடித்து, நெஞ்சு எரியும்போது போட்டால் பாதிப் பலன்கூட இருக்காது. மென்று விழுங்காதீர்கள், பொடித்துக் கரைக்காதீர்கள். எத்தனை நாளைக்கு என்று மருத்துவரிடம் கேட்டு அட்டையிலேயே எழுதிக்கொள்ளுங்கள். அந்தத் தேதிக்கு மேல் காலி அட்டையோடு கடைக்குப் போகாதீர்கள். டாம்பெரிடோனும் மெட்டோகுளோப்ரமைடும் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாத எச் பட்டியல் மருந்துகள். கடைக்காரர் கொடுத்துவிடுகிறார் என்பதால் சட்டம் மாறிவிடவில்லை. எந்த மாத்திரை எழுதினாலும் "கூடவே கேஸ் மாத்திரை இல்லையா சார்?" என்று கேட்பதை, தயவுசெய்து, விட்டுவிடுங்கள். பாராசிட்டமாலுக்குத் துணை மாத்திரை தேவையில்லை. கர்ப்பிணிக்கு மசக்கை வாந்தி என்றால் வீட்டில் கிடக்கும் பழைய அட்டையைத் தொட வேண்டாம். அதற்கு வேறு மருந்து இருக்கிறது, மகப்பேறு மருத்துவர் தருவார்.

மேல் வயிறு அடைக்கிறது, வியர்க்கிறது, குமட்டுகிறது, தாடையோ இடது கையோ வலிக்கிறது என்றால் அது மாரடைப்பாக இருக்கலாம். நடந்தால் நெஞ்சு அடைத்து, நின்றால் விடுகிறது என்பதும் இதயக் கோளாறாக இருக்கலாம். ஏப்பம் வந்ததும் லேசாக இருந்தது என்பதை நம்பி சோடா குடித்து, கேப்ஸ்யூல் விழுங்கி, விடியட்டும் என்று படுக்காதீர்கள். சர்க்கரை நோயாளிக்கு நெஞ்சு வலியே இல்லாமலும் வரும். உடனே 108ஐக் கூப்பிட்டு இசிஜி இருக்கும் இடத்துக்குப் போங்கள். மலம் கறுப்பாகப் போவது, விழுங்கச் சிரமம், காரணமில்லாமல் எடை குறைவது, ஐம்பதைத் தாண்டிப் புதிதாகத் தொடங்கும் அஜீரணம் ஆகியவற்றுக்கு மாத்திரை போட்டுப் பார்ப்பது நாளைக் கடத்துவதுதான். எண்டோஸ்கோப்பி செய்துவிடுங்கள்.

ஒரு வேண்டுகோள். இதைப் படித்துவிட்டு நாளைக் காலையே எல்லாவற்றையும் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். இதய ரத்தக் குழாயில் ஸ்டென்ட் வைத்து, ரத்தம் உறையாமல் இருக்க ஆஸ்பிரினும் குளோபிடோகிரெலும் சாப்பிடுபவர்களுக்குப் பான்டோபிரசோல் வயிற்றில் ரத்தக்கசிவைத் தடுக்கக் கொடுத்ததாக இருக்கும். அதை நிறுத்தக் கூடாது. மற்றவர்களுக்கும், பல மாதம் சாப்பிட்டதைத் திடீரென்று விட்டால் சில நாள் அமிலம் முன்னைவிட அதிகமாகச் சுரந்து எரியும். பார்த்தீர்களா, இது இல்லாமல் முடியவில்லை என்று பலர் திரும்ப ஓடுவது அதனால்தான். மாத்திரை அட்டையின் பின்பக்கத்தைப் போனில் படம் எடுத்து வைத்துக்கொண்டு, அடுத்த முறை "வேற என்ன சாப்பிடறீங்க?" என்று கேட்கும் மருத்துவரிடம் காட்டுங்கள். எதை நிறுத்துவது, எதை மெல்லக் குறைப்பது என்று அவர் சொல்லட்டும்.