சிப்பிச் சுவருக்குள் குடியிருக்கும் புழு

நாமக்கல்லை அடுத்துள்ள எங்கள் பெரியப்பாவின் கோழிப்பண்ணையில், அரைத்த மக்காச்சோளத்துக்கும் சோயாப் புண்ணாக்குக்கும் பக்கத்தில் கிளிஞ்சல் மூட்டைகள் எப்போதும் அடுக்கியிருக்கும். அண்மையில் ஒரு மூட்டையைப் பிரித்துக் கொட்டியபோது, உடைபடாமல் தப்பிய ஆளிச்சிப்பித் துண்டு ஒன்று, கட்டைவிரல் நீளத்தில், கைக்குக் கிடைத்தது. அதன் ஓரத்தில் குண்டூசித் தலை அளவில் இரண்டு துளைகள் ஒன்றையொன்று ஒட்டி, எட்டு என்னும் எண்ணைப் படுக்க வைத்தாற்போல இருந்தன. தீவனம் கலக்கும் அண்ணனிடம் காட்டினேன். "பூச்சி அரிச்சதுங்க. கோழிக்கு ஒண்ணும் பண்ணாதுங்க" என்றார். அவர் சொன்னது சரிதான். ஆனால் அந்தப் பூச்சி யார், சிப்பியை ஏன் அரித்தது, சிப்பி அதற்கு என்ன செய்தது என்பதெல்லாம் கடலிலிருந்து வெகுதூரத்தில் இருக்கும் நமக்கும் அறியத் தக்கவை.

முட்டை ஓடும் சிப்பி ஓடும் ஏறக்குறைய ஒரே பொருளால் ஆனவை. இரண்டிலும் பெரும்பகுதி கால்சியம் கார்பனேட்தான். ஒரு முட்டை ஓட்டுக்குச் சுமார் 2 கிராம் கால்சியம் தேவைப்படுவதால், முட்டையிடும் கோழிக்கு நாளொன்றுக்கு ஏறத்தாழ 4 கிராம் கால்சியம் தீவனத்தில் கிடைக்க வேண்டும். கிளிஞ்சலைப் பொடியாக அரைக்காமல் குருணையாகப் போடுவதற்கும் காரணம் உண்டு. பெரிய துணுக்குகள் அரைவைப்பையில் தங்கி, இரைப்பையின் அமிலத்தில் மெல்ல மெல்லக் கரைந்து, ஓடு உருவாகும் இரவு நேரத்தில் கால்சியத்தைக் கொடுக்கின்றன. சுண்ணாம்பு அமிலத்தில் கரையும் என்னும் இந்த எளிய வேதியியலை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். கோழி வயிற்றுக்குள் நடப்பதைப் போன்ற ஒன்றைத்தான் அந்தக் கடற்புழுவும் தன் வீட்டைக் கட்டச் செய்கிறது.

சிப்பியில் காணும் துளைகள் எல்லாம் புழுவினுடையவை அல்ல. வட்டமாக, வாய் அகன்று உள்ளே குறுகி, யாரோ கடைந்தெடுத்ததுபோல் ஒரே ஒரு துளை இருந்தால், அது சிப்பியைக் கொன்று தின்ற வேட்டை நத்தையின் வேலை. ஓடு முழுவதும் சல்லடைபோல் துளைத்துப்போய், விரலால் அழுத்தினாலே நொறுங்கினால், அது கிளையோனா என்னும் துளைக்கும் கடற்பஞ்சு. ஓட்டின் விளிம்பருகே இரட்டைத் துளையோ, சாவித் துவாரம் போன்ற சிறு பிளவோ இருந்தால் மட்டுமே அங்கே புழு குடியிருந்திருக்கிறது என்று கொள்ளலாம்.

அந்தப் புழுவின் பெயர் பாலிடோரா. மண்புழுவுக்குத் தூரத்து உறவான பல்சுணைப் புழுக்கள் என்னும் பெரிய கூட்டத்தைச் சேர்ந்தது. ஒன்றிரண்டு சென்டிமீட்டர் நீளமும் ஒரு மில்லிமீட்டர் அளவு பருமனும் உடையது. தலையிலிருந்து இரண்டு நீண்ட உணர்நீட்சிகள் கிளம்பியிருக்கும். உடலின் ஐந்தாவது வளையம் மட்டும் மற்றவற்றைவிடப் பருத்து, தடித்த முட்களைத் தாங்கியிருக்கும். இந்த முட்களைப் பார்த்தவர்கள், நம் ஊரில் கிணற்றுப் பாறைக்குள் சைடு போர் இறக்குவதைப்போல, புழு இவற்றைக் கொண்டுதான் ஓட்டைக் குடைகிறது என்று நெடுநாள் எண்ணியிருந்தார்கள். ஆனால் முட்களை அகற்றிய பிறகும் புழுக்கள் குடைந்தன. ஓட்டை அரித்த இடத்தை மின்னணு நுண்ணோக்கியில் பார்த்தால், சுரண்டிய கீறல்களைக் காட்டிலும் கரைந்த தடங்களே தெளிவாகத் தெரிகின்றன. உடலிலிருந்து வரும் சுரப்புதான் சுண்ணாம்பைக் கரைக்கிறது. வீட்டில் ஒரு கிளிஞ்சல் துண்டின்மேல் எலுமிச்சைச் சாற்றைச் சொட்டிப் பாருங்கள். சிறு குமிழிகள் கிளம்பும், சற்று நேரத்தில் பளபளப்பு மங்கி அந்த இடம் சொரசொரப்பாகும். புழுவின் வேலைக்கு இதைவிட நல்ல விளக்கம் எனக்குத் தெரியவில்லை.

கண்ணுக்குத் தெரியாத இளவுயிரியாகச் சில வாரங்கள் கடல்நீரில் மிதந்து திரிந்தபின் அது சிப்பியின் ஓரத்தில் இறங்குகிறது. முதலில் ஒரு பள்ளம், பிறகு ஒரு சுரங்கம், வளர வளர அந்தச் சுரங்கம் உள்ளே சென்று திரும்பி ஆங்கில 'யு' எழுத்தின் வடிவில் மீண்டும் வெளியே வருகிறது. இரட்டைத் துளையின் காரணம் இதுதான். அந்த 'யு'வின் இரண்டு கால்களுக்கும் நடுவே புழு சேற்றைச் சளியுடன் குழைத்து அடைத்துச் சுவரெழுப்புகிறது. வாயிலில் நின்று உணர்நீட்சிகளை நீருக்குள் அலையவிட்டு, அவற்றின் பள்ளங்களில் உள்ள நுண்மயிர்களின் அசைவால் உணவுத் துகள்களை வாய்க்குக் கொண்டு சேர்க்கிறது. முட்டைப் பைகளையும் அந்தக் குழாயின் உட்சுவரிலேயே வரிசையாக ஒட்டிவைத்துக் காக்கிறது. சிப்பியின் சதையை அது தொடுவதே இல்லை. ஆகவே இதை ஒட்டுண்ணி என்று அழைப்பது பொருந்தாது என்பதே என் கருத்து. சுவரில் இடம் பிடித்துக்கொண்ட குடித்தனக்காரர் என்பதே சரியான சொல்.

சதையைத் தொடாத புழுவால் சிப்பி ஏன் நலிகிறது என்பதில்தான் இந்தக் கதையின் சாரம் இருக்கிறது. சுரங்கம் ஓட்டின் உட்புறத்தை எட்டும்போது, சிப்பியின் உடலைப் போர்த்தியிருக்கும் மேன்டில் என்னும் மெல்லிய தோல்மடிப்பு அதை உணர்ந்து, கான்கியோலின் என்னும் புரதத்தைப் பூசி, அதன்மேல் சுண்ணாம்புப் படலத்தை அடுக்கடுக்காகப் படியவைத்து அடைக்கிறது. ஓட்டின் உட்பக்கத்தில் கொப்புளம் போன்ற ஒரு புடைப்பு உண்டாகிறது. அதற்குள் அடைபட்ட சேறு காற்றில்லாமல் கறுத்துப்போய், குத்தித் திறந்தால் அழுகிய முட்டையின் நாற்றமடிக்கும். புழு மேலும் குடையும்போதெல்லாம் சிப்பியும் மேலும் பூச வேண்டியிருப்பதால், வளர்ச்சிக்கும் இனப்பெருக்கத்துக்கும் செலவாக வேண்டிய ஆற்றல் செப்பனிடுவதிலேயே தீர்கிறது. ஓடும் வலுவிழந்து நண்டின் கொடுக்குக்கு எளிதில் உடைகிறது. ஓட்டோடு சேர்த்து விற்கும் சிப்பி என்றால், கொப்புளம் கண்டதுமே விலை போய்விடும்.

முத்து விளைவதும் இதே தற்காப்பின் இன்னொரு முகந்தான். தூத்துக்குடியில் மத்தியக் கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தைச் சேர்ந்த அழகர்சாமி 1973இல் இந்தியாவின் முதல் உருண்டையான வளர்ப்பு முத்தை விளைவித்தபோது பயன்பட்டது, உள்ளே வைத்த மணியின்மேல் படலம் படலமாகப் பூசும் மேன்டில் திசுவின் அந்த இயல்புதான். மன்னார் வளைகுடாவின் பண்ணைகளில் அதே முத்துச்சிப்பிகளின் ஓடுகளைப் பாலிடோராவும் துளைத்தது. ஒரே பூச்சு, ஓரிடத்தில் முத்தாகவும் ஓரிடத்தில் நாறும் கொப்புளமாகவும் முடிவது எனக்கு இன்றும் வியப்பளிக்கிறது. 1902இல் இலங்கையின் முத்துப்படுகைகளை ஆராய்ந்த ஹெர்ட்மன், இயற்கை முத்தின் கருவே ஒரு நாடாப்புழுவின் இளவுயிரிதான் என்றுகூட வாதிட்டார். பின்னால் வந்தவர்கள் அதை மறுத்தார்கள்.

ஓடுகளை அண்டி வாழும் புழுக்கள் எல்லாம் இப்படிச் சுவரைக் குடைவதில்லை. வட அமெரிக்காவின் மேற்குக் கரையில், தொப்பி வடிவ ஓடுடைய ஒரு நத்தையின் மேன்டில் மடிப்புக்குள் ஆர்க்டோனோயி என்னும் செதிற்புழு தங்குகிறது. நத்தையைத் தின்ன நட்சத்திரமீன் நெருங்கினால் புழு வெளியே நீண்டு அதன் குழாய்க்கால்களைக் கடிக்கிறது. ஐரோப்பியக் கடல்களிலோ, செத்த சங்கின் ஓட்டில் குடியேறிய துறவி நண்டுடன் நீரிஸ் இனப் புழு ஒன்று கூடவே குடியிருந்து, நண்டு தின்னும் வேளையில் தலையை நீட்டி வாயருகே உள்ள இரையைப் பறித்துக்கொள்கிறது.

பாலிடோராவை ஒடுக்க வளர்ப்போர் கண்ட வழி அதன் வீட்டின் குறையிலிருந்தே பிறந்தது. 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் கரையில் அடித்தரைச் சிப்பிப் படுகைகள் இந்தச் சேற்றுப்புழுவால் பாழானபோது, வளர்ப்போர் சிப்பிகளைத் தரையிலிருந்து உயர்த்தி, கடல் வற்றும்போது காற்றுப்படும்படி குச்சிகளிலும் தட்டுகளிலும் வளர்க்கத் தலைப்பட்டார்கள். இன்று மெக்சிகோ வளைகுடாவில் மிதக்கும் கூண்டுகளைப் புரட்டிப்போட்டு வெயிலில் காயவிடுகிறார்கள். வேறு சில இடங்களில் நன்னீரிலோ அடர்ந்த உப்புக்கரைசலிலோ முக்கி எடுக்கிறார்கள். சிப்பி இரு கதவுகளையும் இறுக மூடிக்கொண்டு உள்ளிருக்கும் நீருடன் பல மணி நேரம் தாக்குப்பிடிக்கும். புழுவின் சுரங்கத்துக்கோ இரண்டு வாயில் உண்டு, ஒன்றுக்கும் கதவில்லை. ஈரம் வற்றினால் அது உள்ளேயே காய்ந்துபோகிறது.

எங்கள் துண்டை ஊசியால் நெம்பிப் பார்த்தேன். இரு துளைகளுக்கும் நடுவே புழு எழுப்பிய சேற்றுச் சுவர் கெட்டியான சாம்பல் நிறத் தூளாக உதிர்ந்தது. துண்டை மறுபடியும் கிளிஞ்சல் குவியலிலேயே போட்டுவிட்டேன்.