மாங்கனீசுக்குத் திறந்த கதவில் காட்மியம்

ஆலைக்கழிவு கலந்த நீர் பாயும் நிலத்தில் மண் பரிசோதனை செய்தால், ஈயம் இவ்வளவு, காட்மியம் இவ்வளவு என்று நச்சு உலோகங்களின் பட்டியல் ஒன்று கைக்கு வரும். அதை மட்டும் வைத்து விளைச்சலில் எவ்வளவு இருக்கும் என்று சொல்லிவிட முடியாது. ஈயம் பல மடங்கு அதிகமாக உள்ள வயலிலும், தானியத்துக்குள் போய்ச் சேர்வதில் காட்மியம் முந்திக்கொள்ளும்.

ஈயம் மண் துகளை விட்டு லேசில் பிரியாது. கொஞ்சம் கரைந்து வேரைத் தொட்டாலும் பெரும்பகுதி வேரின் செல்சுவரிலேயே ஒட்டி நின்றுவிடும். கீரையில் ஈயம் தென்பட்டால் பெரும்பாலும் இலையில் படிந்த புழுதிதான் காரணம். நன்றாக அலசினால் கணிசமாகக் குறையும். குரோமியமும் ஏறக்குறைய வேரோடு சரி.

காட்மியம் வேறு ரகம். திசுவுக்குள்ளேயே இருப்பதால் அலசினால் போகாது. செடிக்கு இதனால் பயன் இல்லை, இதற்கென்று வேரில் தனி வழியும் கிடையாது. ஆனால் மாங்கனீசு, இரும்பு, துத்தநாகம் போன்ற சத்துகளை உள்ளே இழுக்கும் கடத்திப் புரதங்கள் வேர்ச்செல்களில் உண்டு. காட்மிய அயனியின் மின்னூட்டமும் அவற்றைப் போலவே இருப்பதால் அதே வாசலில் அதுவும் நுழைந்துவிடுகிறது. நெல்லில் முக்கிய வாசல், மாங்கனீசை இழுக்கும் என்ராம்ப்5 என்ற புரதம். அப்புறம், நுழைந்த காட்மியத்தை வேர்ச்செல்லுக்குள் உள்ள பையில் அடைத்து வைக்க எச்எம்ஏ3 என்று இன்னொரு புரதம் இருக்கிறது. இது சரியாக வேலை செய்யாத ரகங்களில் காட்மியம் தண்டேறி, கணுக்களில் வழி மாறி, கதிருக்குப் போகிறது. ஒரே வயலில் அருகருகே நட்ட இரண்டு ரகங்களின் அரிசியில் அளவு பெரிதும் மாறுவது இதனால்தான்.

பயிரைப் பார்த்துக் கண்டுபிடிக்கலாம் என்றால் அதுவும் நடக்காது. மனிதருக்கு ஆகாத அளவு காட்மியம் ஏறிய பிறகும் பயிர் பச்சைப்பசேல் என்று நிற்கும். ஜப்பானின் தோயாமா பகுதியில் கமியோகா சுரங்கக் கழிவு ஜின்சு ஆற்றில் கலந்து வயல்களுக்குப் பாய்ந்தது. அந்த அரிசியையும் நீரையும் ஆண்டுக்கணக்கில் உட்கொண்டவர்களுக்கு, குறிப்பாக நடுவயது தாண்டிய பெண்களுக்கு, சிறுநீரகம் பழுதாகி எலும்புகள் நொறுங்கின. இந்த 'இதாய்-இதாய்' நோய்க்குக் காட்மியமே காரணம் என்று 1968இல்தான் அரசு ஏற்றது.

மண்ணில் சுண்ணாம்பு இட்டு அமிலத்தன்மையைக் குறைத்தால் காட்மியம் கரைவது குறையும். நெல்வயலில் இன்னொரு வழி, தண்ணீரைக் கட்டி நிறுத்துவது. மண்ணில் ஆக்சிஜன் தீர்ந்ததும் நுண்ணுயிரிகள் சல்பேட்டைச் சல்பைடாக மாற்றும். காட்மியம் அதோடு சேர்ந்து கரையாத உப்பாகிவிடும். கதிர் பால் பிடிக்கும் நேரத்தில் தண்ணீரை வடித்தால் காற்று புகுந்து, கட்டுண்டது மறுபடி கரையும், நேரே கதிருக்குப் போகும்.

சரி, கடைசிவரை தண்ணீரை நிறுத்தினால் என்ன? அங்கேதான் ஆர்சனிக் என்ற இன்னொரு நஞ்சு காத்திருக்கிறது. மண்ணில் ஆர்சனிக் பெரும்பாலும் இரும்பு ஆக்சைடுகளில் ஒட்டியிருக்கும். தேங்கிய நீரில் அந்த ஆக்சைடுகள் கரைய, ஆர்சனிக் விடுபட்டு ஆர்சனைட் என்ற வடிவத்துக்கு மாறி, சிலிக்கானுக்கான வாசல் வழியே வேருக்குள் போகும். நெல் சிலிக்கானை வாரி உறிஞ்சும் பயிர் என்பதால் அந்த வாசல் பெரிது. காய்ச்சலும் பாய்ச்சலுமாக நீர் விட்டால் ஆர்சனிக் குறையும், காட்மியம் கூடும். இரண்டும் உள்ள வயலில் நீரை மட்டும் வைத்துச் சமாளிப்பது கஷ்டம்தான்.

ஆகவே வாசலையே மூடப் பார்த்தார்கள். ஜப்பானிய ஆய்வாளர்கள் கோஷிஹிகாரி என்ற ரகத்தின் நெல்விதைகள் மீது கார்பன் அயனிக் கற்றையைப் பாய்ச்சி மரபணுக்களில் மாற்றம் உண்டாக்கி, என்ராம்ப்5 செயலிழந்த செடிகளைத் தேர்ந்தெடுத்து, அந்த ஆய்வை 2012இல் வெளியிட்டார்கள். மாசுபட்ட மண்ணிலும் இதன் அரிசியில் காட்மியம் மிகமிகக் குறைவு. இதை நட்டால் ஆர்சனிக்குக்காகத் தண்ணீரைத் துணிந்து வடிக்கலாம். மூடியது மாங்கனீசின் வாசலும் கூட என்பதால், அந்தச் சத்து குறைந்த மண்ணில் மட்டும் இந்த நெல் கொஞ்சம் தடுமாறும்.